பிரதி இல்லாத மேசை

செம்பவாங்

அமாண்டா ஹெங் என்று பெயரைச் சொன்னால், சிங்கப்பூரில் கலை தெரிந்தவர்கள் உடனே அருங்காட்சியகத்துக்கு வழி சொல்கிறார்கள். நான் வடக்கே, செம்பவாங்குக்குப் போனேன். ஒரு நிகழ்த்துகலைஞரை அவருடைய ஊர் முதலில் எங்கே நிற்க விட்டது, பிறகு எங்கே நிற்காதே என்றது, இப்போது எங்கே உட்கார வைத்திருக்கிறது என்பதை அந்தந்த இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நாடகக் குழுவோடு ஊர் ஊராகத் திரிந்தவள் நான். மேடை கிடைக்காத ஊரில் தெருவில் ஆடியிருக்கிறோம். மேடையே வேண்டாம் என்று ஒரு பெண் இத்தனை காலம் நின்றது எப்படி என்பதை அறிந்துகொள்ளும் ஆவல் எனக்கு உண்டு.

காம்பாஸ் அவென்யூவை ஒட்டி இப்போது தொழிற்கூடங்கள். லாரிகள் வந்தபடி இருக்கின்றன. சாலையோரம் தூங்குமூஞ்சி மரங்கள், நம்மூரில் நிற்பவைதாம். ஆனால் மின்கம்பிக்காக ஒரு கிளைகூட வெட்டுப்படாமல் இரு பக்கமும் வளைந்து கூடியிருக்கின்றன. இந்தப் பகுதியில்தான் லோரோங் காம்பாஸ் என்ற சந்தும் அதில் ஒரு கோழிப்பண்ணையும் இருந்தன. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய டாங் டா வூ 1988இல் அந்தப் பண்ணையில் ‘தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்’ என்ற கூட்டைத் தொடங்கினார். கோழிக்கொட்டகைகள் ஓவியக்கூடங்களாயின. மரத்தடியில் வரைந்தார்கள், குளத்தங்கரையில் நிகழ்த்தினார்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் எதிரே நின்று விமர்சித்தார்கள். 1989 டிசம்பர் 31இல் தொடங்கி மறுநாள் புத்தாண்டுக் காலைவரை 24 மணி நேரம் இடைவிடாமல் நிகழ்த்தியதும் இங்கேதான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் அமாண்டா ஹெங். 1951இல் பிறந்தவர், வருமான வரித் துறையில் அதிகாரியாக இருந்தவர். சிங்கப்பூரில் அரசாங்க வேலையை விடுவது என்றால் நம் வீட்டில் என்ன பேச்சு எழுமோ அதே பேச்சுதான் அங்கேயும் எழுந்திருக்கும். 1986இல், 35 வயதில், அதை விட்டுவிட்டு லாசால் கலைக்கல்லூரியில் அச்சோவியம் படிக்கச் சேர்ந்தார். படிப்பு முடிந்த ஆண்டும் பண்ணை தொடங்கிய ஆண்டும் ஒன்றே.

என்னை அழைத்துப் போன டாக்ஸி ஓட்டுநர் எழுபதை நெருங்கியவர். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம்.

“முன்ன இதெல்லாம் கம்பம்மா, கிராமம். கோழிப்பண்ணை, காய்கறித் தோட்டம், ஓடை. நாங்க சைக்கிள்ல வந்து மீன் பிடிப்போம். ஒவ்வொண்ணா எடுத்தாங்க.”

“படம் வரையிறவங்க இங்க இருந்தாங்கன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா அங்கிள்?”

“தெரியாதும்மா. ஆனா எங்க முருகனும் இங்கருந்து இடம் மாறினவருதான்.”

கன்பரா ரோட்டில் ஒரு மரத்தடியில் தொடங்கி, பிறகு ஈசூனுக்கு இடம்பெயர்ந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தைத்தான் சொன்னார். போகும் வழியில் அங்கே நிறுத்தி, விபூதி எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, என் கையிலும் கொஞ்சம் போட்டார். கோயிலுக்கு மாற்று இடம் கிடைத்தது. கோழிப்பண்ணைக் கலைஞர்களுக்கு 1990இல் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தபோது அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் தங்கள் கைவினை வருமானத்தில் சொந்தமாக நிலம் வாங்கியது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தச் சாலையில் நின்றபோது உறைத்தது. நிலம் கையில் இருந்தால் ஒரு கலைக்கூட்டம் வயதாகும்வரை இருக்கலாம். இவர்களுக்கு இரண்டு ஆண்டுதான் வாய்த்தது.

மரின் பரேட்

நிலத்தை இழந்தவர்களுக்கு அடுத்து இடம் கொடுத்தது ஒரு கடைத்தொகுதி. கடலைத் தூர்த்து எழுப்பிய மரின் பரேட் வட்டாரத்தில் உள்ள பார்க்வே பரேட்டின் ஐந்தாம் மாடி நடைவழியில் 1991இல் சூசன் விக்டர், சூசி லிங்கம், ஹான் லிங் ஆகிய மூன்று பெண்கள் ‘5த் பேசேஜ்’ என்ற கலைவெளியைத் தொடங்கினார்கள். செருப்பு வாங்க வந்தவர்களும் பல் மருத்துவரைப் பார்க்க வந்தவர்களும் போகிற போக்கில் கலையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

நான் போன அன்று பள்ளி விடுமுறை. குளிர்சாதனக் காற்றும் பொரித்த கோழி வாசமும் கலந்து கிடந்தன. ஐந்தாம் மாடிக்கு ஏறி மெல்ல நடந்தேன். அங்கே நடந்ததைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் இந்த மாடியைவிட முக்கியமான மாடி வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

1993ஆம் ஆண்டின் கடைசி இரவில் இங்கே ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ஜெனரல் அசெம்பிளி’ என்ற நிகழ்வு நடந்தது. அதில் ஜோசப் இங் என்ற இளைஞர் ‘பிரதர் கேன்’ என்ற நிகழ்வைச் செய்தார். அந்த ஆண்டு காவல் துறையினர் மாறுவேடத்தில் போய் ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்கள் 12 பேரைக் கைதுசெய்திருந்தார்கள்; அவர்களில் சிலருக்குப் பிரம்படித் தண்டனையும் கிடைத்திருந்தது. அதற்கு எதிர்வினை இது. தரையில் தோஃபு கட்டிகள், அவற்றின்மேல் சிவப்புச் சாயம். பிரம்பால் அவற்றை அடித்தார். கடைசியில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் அந்தரங்க மயிரில் கொஞ்சம் வெட்டினார். ஒரு நாளிதழ் அந்த ஒரு கணத்தை மட்டும் படமாக்கிப் பரபரப்புச் செய்தியாக்கியது. வழக்கு, 1,000 வெள்ளி அபராதம், பொது இடத்தில் நிகழ்த்தத் தடை. 5த் பேசேஜ் கடைத்தொகுதியைவிட்டு வெளியேற்றப்பட்டது.

அதோடு நின்றிருந்தால் இது ஒருவரின் கதையாகப் போயிருக்கும். 1994 ஜனவரியில் இரண்டு அமைச்சுகள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. நிகழ்த்துகலைக்கும் ‘ஃபோரம் தியேட்டர்’ எனப்படும், பார்வையாளரே எழுந்துவந்து கதையை மாற்றுகிற நாடகத்துக்கும் தேசிய கலைகள் மன்றம் இனி நிதி தராது என்பது முடிவு. சொல்லப்பட்ட காரணம்தான் என்னைப் பல ஆண்டுகளாகத் தொந்தரவு செய்வது. இவற்றுக்கு எழுதிவைத்த பிரதி இல்லை, பார்வையாளர்களையும் உள்ளே இழுக்கின்றன, அதனால் பொது ஒழுங்குக்கு ஆபத்து. பிரதி இருந்தால் முன்கூட்டியே படித்துப் பார்க்கலாம். முன்னே உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்து என்ன சொல்வார் என்பதை யாரும் படித்துப் பார்க்க முடியாது.

சென்னையில் நாடகம் போட்டவர்களுக்கு இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடகச் சட்டப்படி பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் இங்கே அரை நூற்றாண்டுக்கும் மேல் இருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது 2013இல்தான். ஆனால் நமக்கு நிதி என்று ஒன்று எப்போதும் பெரிதாக இருந்ததில்லை. அதனால் அதை நிறுத்துவதும் ஒரு தண்டனை என்று நமக்குத் தோன்றியதில்லை. சிங்கப்பூர் சிறிய ஊர். இடம், பணம், உரிமம், விளம்பரம் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே வாசல். அந்த வாசல் மூடினால் பக்கத்துத் தாலுகாவுக்குப் போய் ஆட முடியாது.

வெளியே வந்து கத்தோங் பக்கம் நடந்து லக்சா சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் குழம்பில் இறால், மீன் கேக், மேலே ஒரு பிடி லக்சா இலை. நூடுல்ஸை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். கரண்டி மட்டும் போதும். அடியில் கிடந்த முளைப்பயறு பல்லில் நறுக்கென்றது. தவ்கே என்கிறார்கள். நம் பச்சைப்பயறுதான். அமாண்டா ஹெங்கின் கதையில் இந்தத் தவ்கேக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது.

ஆர்மீனியன் ஸ்திரீட்

1995இல் ஒரு கலைக் கண்காட்சிக்கு அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் வந்தார். டாங் டா வூ ஒரு கறுப்பு மேலங்கி அணிந்து அவர் எதிரே போனார். கலைக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று அங்கியின் முதுகில் மஞ்சள் நூலால் தைத்திருந்தது. ஒரு சீட்டையும் அதிபர் கையில் கொடுத்தார். தான் ஒரு கலைஞன், தான் முக்கியமானவன் என்பது அதன் சாரம். நிதியும் மேடையும் இல்லாத அந்தக் காலத்தில் நிகழ்த்துகலை இப்படி இடுக்குகளில் புகுந்து வாழ்ந்தது.

ஆர்மீனியன் ஸ்திரீட் 45ஆம் எண் கட்டடம் அப்படிப்பட்ட இடுக்குகளில் பெரியது. பழைய மின்துணைநிலையம். நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் 1990இல் அதைக் கலைமையமாக்கி ‘தி சப்ஸ்டேஷன்’ என்று பெயர் வைத்தார். 1976இல் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டு 1980இல் வெளியே வந்தவர் அவர். பின்னாளில் அதே நாடு அவருக்குக் கலாசாரப் பதக்கம் கொடுத்தது. ஜோசப் இங்கின் நிகழ்வை ஆவணங்களைக் கொண்டு மீட்டெடுத்து லூ ஸிஹான் 2012இல் நிகழ்த்தியதும் சப்ஸ்டேஷனில்தான், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற தரச்சான்றோடு. 2021இல் சப்ஸ்டேஷன் இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறியது. நான் எதிர்ச்சாரியில் நின்று முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுற்றுலாக்காரர்கள் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு பெரனாக்கன் அருங்காட்சியகம் பக்கம் போனார்கள்.

இங்கே நிற்கும் தமிழருக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வர வேண்டும். இளங்கோவன். இந்திய முஸ்லிம் பெண் ஒருத்தி மணவாழ்வில் படும் வன்முறையைப் பேசிய அவருடைய ‘தலாக்’ நாடகத்தை அக்னிக் கூத்து குழு முதலில் தமிழில் மேடையேற்றியது. 2000இல் மலாயிலும் ஆங்கிலத்திலும் போட முயன்றபோது உரிமம் மறுக்கப்பட்டது. எழுதிவைத்த முழுப் பிரதியோடு வந்த நாடகம் அது. பிரதி இல்லாததால் ஒன்றுக்கு மறுப்பு, பிரதி இருந்ததால் இன்னொன்றுக்கு மறுப்பு. நிதி மறுக்கப்பட்ட அந்தப் பத்தாண்டின் சுமையை ஒரு மொழிக்காரர்கள் மட்டும் தாங்கவில்லை.

விக்டோரியா ஸ்திரீட்

தேசிய நூலகத்தில் கலைநூல்கள் உள்ள தளத்தில் 2011ஆம் ஆண்டுக் கண்காட்சி நூலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் அமாண்டா ஹெங்கின் அதுவரையான வேலைகளையெல்லாம் திரட்டி வைத்த கண்காட்சி அது. எதிர்மேசையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கங்களைப் புரட்டும்போது ஆண்டுகளைக் கவனித்தேன். ‘லெட்ஸ் சாட்’ 1996. ‘அனதர் உமன்’ 1996, 97. ‘லெட்ஸ் வாக்’ 1999. ‘சிங்கர்ல்’ 2000. நிதி திரும்பியது 2003இல். இன்று அவர் பெயரைச் சொன்னதும் எவை நினைவுக்கு வருகின்றனவோ அவையெல்லாம் அந்தத் தடைக்காலத்துக்குள் பிறந்தவை. தடை இருந்ததால்தான் நல்ல கலை வந்தது என்று இதற்குப் பொருள் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தப் பத்தாண்டில் வேறு வேலைக்குப் போய்விட்ட இளைஞர்களின் கணக்கை யார் எழுதுவது? ஜோசப் இங் பின்னாளில் வெளிநாடுகளில் கண்காட்சி அமைப்பாளராகத்தான் அறியப்பட்டார். அமாண்டா ஹெங் தாக்குப்பிடித்தார். தாக்குப்பிடிக்கத்தக்க வடிவங்களைக் கண்டுபிடித்தார். அவற்றுக்கு அரங்கம் வேண்டாம், விளக்கு வேண்டாம், மானியம் வேண்டாம். ஒரு மேசை போதும், அல்லது ஒரு தெரு.

‘லெட்ஸ் வாக்’ தெருவில் நடப்பது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ஆட்குறைப்பில் முதலில் வேலை போனது பெண்களுக்கு. அதே காலத்தில் அழகுநிலையங்களின் வியாபாரம் ஏறியதை அமாண்டா கவனித்தார். இருக்கிற வேலையைத் தக்கவைக்கத் தோற்றத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று பெண்கள் நம்பும்படி ஆகியிருந்தது. குதிகால் உயர்ந்த ஒற்றைச் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு, கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரிகிற வழியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். கூடவே நடக்கப் பொதுமக்களையும் அழைத்தார். படத்தில் ஒரு பெண்ணின் தாடை இறுகியிருக்கிறது. செருப்பைக் கவ்வியதால் பேச முடியாது. கண்ணாடியைப் பார்ப்பது அழகு பார்க்க அல்ல, விழாமல் இருக்க. ஒரு கட்டுரையில் நூறு வரி எழுதினாலும் இவ்வளவு சொல்ல முடியாது.

‘அனதர் உமன்’ பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். அமாண்டாவும் அவருடைய அம்மாவும். அம்மாவின் மொழி தியோச்சூ. மகளின் படிப்பும் உத்தியோகமும் வேறு மொழிகளில். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் ஹொக்கியன், தியோச்சூ போன்ற வீட்டு மொழிகளை வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஒதுக்கியது. பேரப்பிள்ளைகளோடு பேச மொழியில்லாத பாட்டிகள் ஒரு தலைமுறை முழுக்க உருவானார்கள். இந்த வீட்டில் தாய்க்கும் மகளுக்குமே பேச்சு அரிது. பேச முடியாத இருவரும் ஒளிப்படக் கருவிக்கு முன்னால் உட்காருகிறார்கள். தொடுகிறார்கள். உடை களைந்த உடம்போடு அணைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தலைமுறைத் தாய் ஒருத்தி அதற்குச் சம்மதித்திருக்கிறாள். அவளை வெறும் மாடலாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நிகழ்த்தியவர்கள் இரண்டு பேர். 2014இல் இருவரும் மறுபடி படமெடுத்துக்கொண்டார்கள். ‘ட்வென்டி இயர்ஸ் லேட்டர்’ என்பது தலைப்பு.

என் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மொழிதான். இருந்தும் அவளைக் கட்டிப்பிடித்த நினைவு எனக்குக் கல்யாணத்தன்று ஒன்று, அப்பா போனபோது ஒன்று. கணக்குப் போடுகிற பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தேக்கா

தேக்கா ஈரச்சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். மீன்காரர்கள் வங்காளத்து இலிஷை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாழையிலை, முருங்கைக்காய், சுண்டைக்காய் எல்லாம் உண்டு. காய்கறிக் கடையில் இருந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கம்.

“என்னக்கா வேணும்?”

“தவ்கே. வாங்குறதுக்கு இல்லண்ணே, யாராச்சும் அதுக்கு வால் கிள்ளுறதப் பாக்கணும்.”

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் தோஃபு விற்கும் சீன மூதாட்டியிடம் மலாயில் ஏதோ சொன்னார். “ஆண்டிகிட்ட ஒருத்தர் அஞ்சு கிலோ கேட்டிருக்காரு, கிள்ளித்தான் குடுக்கணும். உக்காருங்க. கைய மட்டும் கழுவிட்டு வந்துடுங்க.”

மூதாட்டி ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு விரல் நீள வெள்ளைத் தண்டு. ஒரு முனையில் மஞ்சள் பருப்பு, அதில் ஒட்டியும் ஒட்டாமலும் பச்சைத் தோல். மறுமுனை மெலிந்து, பழுப்பேறி, மயிராகச் சுருண்டிருக்கிறது. அதுதான் வால். கட்டைவிரல் நகத்தைத் தண்டும் வேரும் சேரும் இடத்தில் வைத்து ஒரு கிள்ளு. மேலே வைத்தால் தண்டு வீணாகும், கீழே வைத்தால் நார் தங்கும். கிள்ளியது ஒரு தட்டில், வால் தாளில். மூதாட்டியின் விரல் என் விரலைவிட நாலு மடங்கு வேகம். எங்கள் வீட்டில் மாமியாரும் நானும் முருங்கைக்கீரை ஆய உட்காரும் நேரம் போலவே இருந்தது. கண் கீழே இருக்கும், கை ஓடும், எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச்சு தானாக வரும்.

வந்தது. மூதாட்டி மலாயில் சொல்ல, கடைக்காரர் காய் நிறுத்துக்கொண்டே தமிழில் சொன்னார். அவருக்கும் தாய்மொழி தியோச்சூ. அம்மா சுவாத்தோவிலிருந்து கப்பலில் வந்தவர். தான் மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தது, மூடியபோது சந்தைக்கு வந்தது, மகன் ஆஸ்திரேலியாவில், பேத்தி திரையில் வந்து கையசைப்பாள், அவ்வளவுதான். “பேசறதுக்கு ஒண்ணும் இல்லையாம்க்கா. பேத்திக்கு இங்கிலீஷ், இவங்களுக்கு அது வராது.” பிறகு மூதாட்டி என்னைப் பார்த்து, மகள் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். தட்டைக் காட்டி ஏதோ சொன்னார். “மகளுக்கு இது தெரியுமான்னு கேக்குறாங்க.”

‘லெட்ஸ் சாட்’ என்ற நிகழ்வில் அமாண்டா ஹெங் செய்தது இதைத்தான். ஒரு மேசை, தேநீர், ஒரு குவியல் தவ்கே. வருகிறவர்கள் உட்கார்ந்து வால் கிள்ளிக்கொண்டே பேசலாம். கம்பத்து வீட்டு வாசல்களில் பெண்கள் கூடிச் செய்த வேலை. அடுக்குமாடி வீடுகள் வந்த பிறகு அந்த வாசலும் இல்லை, கூடுவதும் இல்லை. பத்தாண்டு நிதி மறுப்புக்குச் சொன்ன காரணத்தை இந்த மேசையோடு வைத்துப் பாருங்கள். பிரதி இல்லை. பார்வையாளர்தான் எல்லாமே. யார் என்ன பேசுவார் என்று யாருக்கும் தெரியாது. அரசு எதற்கு அஞ்சியதோ அதையே, துளியும் நீக்காமல், முளைப்பயறோடு நடுவில் வைத்தார். அங்கே உட்கார்ந்து எழுந்தவர்கள் ஆபத்துக்கு ஆளாகவில்லை. பேசிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த அறிக்கைக்கு இதைவிடப் பொறுமையான பதில் எனக்குத் தெரிந்து வேறு எந்த ஊரிலும் எழுதப்படவில்லை.

மூதாட்டி நான் கிள்ளியதில் பாதியைத் திரும்ப எடுத்து மறுபடி கிள்ளினார். போகும்போது ஒரு பொட்டலம் தோஃபு கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். பக்கத்து உணவங்காடியில் சார் குவே தியோ நூடுல்ஸில் தவ்கேயை வாலோடுதான் போட்டிருந்தார்கள்.

தஞ்சோங் பகார்

இடையில் பிராஸ் பாசா வழியாகவும் நேஷனல் கேலரி வழியாகவும் நடந்தேன். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் 2015இலிருந்து ஓவியக்கூடம். அழகான கட்டடங்கள். எனக்கு அங்கே தங்கிச் சொல்ல அதிகமில்லை.

சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தின் ஒரு பகுதி 2022இலிருந்து தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் இயங்குகிறது. பாரமேற்றும் மேடை, சரக்கு மின்தூக்கி, சுவருக்கு அப்பால் அடுக்கடுக்காய்க் கொள்கலன்கள். கோழிக்கொட்டகையில் தொடங்கிய ஒரு கலை இன்னொரு கொட்டகைக்கே வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்தது, இந்தக் கொட்டகைக்குக் குளிர்சாதனமும் காவலும் இருந்தாலும்.

அமாண்டா ஹெங்குக்கு ஊர் கொடுத்த மரியாதைகளை வரிசையாகச் சொல்லிவிடலாம். 2010இல் கலாசாரப் பதக்கம். 2011இல் மேலே சொன்ன கண்காட்சி. 2019ஆம் ஆண்டு சிங்கப்பூர் பியனாலேயில், 68 வயதில், நடப்பதையே வைத்து ‘எவ்ரி ஸ்டெப் கவுன்ட்ஸ்’ என்ற ஆக்கம்; அதற்கு பெனஸே விருது. 2026 வெனிஸ் பியனாலேயில் சிங்கப்பூர் அரங்குக்கு அவரே தேர்வு. 5த் பேசேஜைத் தொடங்கியவர்களில் ஒருவரான சூசன் விக்டர், நிதி மறுப்பு நடப்பில் இருந்த 2001லேயே வெனிஸில் சிங்கப்பூர் சார்பாக நின்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊருக்குள் வாசலை மூடிவிட்டு, வெளியூருக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் புதிதில்லை.

கண்காட்சி மண்டபத்தில் பணியில் இருந்த இளம்பெண் என் சேலையைப் பார்த்துத் தமிழில் பேசினாள். பகுதிநேர வேலை, நிகழ்த்துகலை படிக்கிறாள். இடைவேளையில் கீழே கோப்பிக் கடைக்கு வந்தாள். ‘கோப்பி ஓ’ இரண்டு சொன்னோம்.

“எங்க பேட்ச்ல சில பேருக்கு அமாண்டா வெனிஸ் போறதுல கோவம் ஆண்டி. கவர்மெண்ட் பெவிலியன்ல அவங்க போய் உக்காரலாமான்னு. முன்ன ஃபண்டிங்கே குடுக்காதவங்கதானே, இப்ப எதுக்கு?”

“உங்களுக்கு?”

“எனக்குப் பெருமைதான். ஆனா பெருமைன்னு சொன்னா அவங்க மன்னிச்சுட்ட மாதிரி ஆயிடுதே.”

அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். பதக்கம் கொடுப்பதால் பறித்த பத்தாண்டு திரும்பாது. 1994இல் எழுதியது பிழை என்று எழுதினால்தான் கணக்கு நேராகும். ஆனால் அமாண்டா போய் உட்காரக் கூடாது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் இடம் மாறியிருக்கிறார், வேலை மாறவில்லை. பண்ணையில் ஒருத்தியாக இருந்தவர். 1999இல் ‘விமன் இன் தி ஆர்ட்ஸ்’ என்ற குழுவைக் கூட்டி மற்ற பெண் கலைஞர்களுக்கு இடம் தேடியவர். இன்று இளையவர்கள் யாரைப் பார்த்துத் தங்கள் முறையைக் கண்டுகொள்கிறார்களோ அந்த மூத்தவர். மூன்று காலத்திலும் முன்னே நின்று தன்னைப் பாருங்கள் என்று சொன்னதைவிட, வந்து உட்காருங்கள், கூட நடங்கள் என்று சொன்னதே அதிகம். வெனிஸுக்கு அதைக் கொண்டுபோகட்டும். இதைத்தான் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

தன் இறுதியாண்டு நிகழ்வைப் பற்றிச் சொன்னாள். பாட்டி அங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். திருவாரூர்த் தமிழ் மட்டும்தான் பேசுவார். இவளுக்குத் தமிழ் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு, பாட்டியோடு உட்கார்ந்து மல்லிகைச் சரம் கட்ட வேண்டும். போகிற வருகிறவர்கள், மலாய்க்காரர், சீனர், யாரானாலும் உட்கார்ந்து கட்டலாம். நல்ல யோசனை என்றேன். நாரா, நூலா என்று கேட்டேன். நூல்தான், இங்கே வாழைநார் கிடைக்காது என்றாள். தேக்காவில் கேட்டால் கிடைக்கும் என்று அந்தப் பட்டுக்கோட்டைக்காரரின் கடை எந்த வரிசையில் இருக்கிறது என்று சொன்னேன்.

“ஒரு சந்தேகம் ஆண்டி. பாட்டிகிட்ட இது பெர்ஃபாமன்ஸ்னு சொல்லணுமா? சொன்னா அவங்க வெக்கப்பட்டு வரமாட்டாங்க. சொல்லலைன்னா இயல்பா இருப்பாங்க.”

“சொல்லுங்கம்மா. வரமாட்டேன்னா அது அவங்க உரிமை. வந்தாங்கன்னா உங்க பேருக்குப் பக்கத்துல அவங்க பேரையும் போடுங்க.”

“முதல்ல யார் பேரு?”

“பாட்டி பேருதான்” என்றேன். அவள் கைபேசியில் குறித்துக்கொண்டு, இடைவேளை முடிந்ததென்று மாடிக்கு ஓடினாள்.